அத்தானைக் காப்பாற்றிய புகார்

எங்கள் அத்தான் சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். அதனால் அவருக்குக் கண்ணாமூச்சி என்றே பெயர். ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றிப்போகும் வேனின் டிரைவர். நானும் அதில் தினமும் போகும் நர்ஸ். அக்கா புருஷனாயிற்றே, பின்சீட்டிலிருந்து வம்பிழுக்க எனக்கு முழு உரிமை உண்டு.

அதற்கு வினையாக வந்து சேர்ந்தது ஒரு கேமரா. ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, டிரைவரின் இமை எவ்வளவு திறந்திருக்கிறது, முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இமை மூடினால் தூக்கம், முகம் திரும்பினால் கவனக்குறைவு. சிரிப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த மண்டூகத்துக்குத் தெரியாது. நான் ஒரு ஜோக் சொன்னேன். தூக்கம் என்று அலறியது. மறுநாளும் அதே கதை. மூன்றாவது முறை அலறினால் வேனிலிருந்து இறக்கிக் கிடங்கு வேலைக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் அம்மா சொல்லிவிட்டார். வண்டி ஓட்டாத அத்தானை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"உன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?" என்று அக்கா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

வேனில் எல்லோரும் கப்சிப். அத்தான் கண்ணை உருட்டி விழித்தபடி ஓட்டினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில், இடப்பக்கம் திரும்பும் முனை. பக்கக் கண்ணாடியில் விழாத மூலையைக் கவனிக்க வெளியே இன்னொரு கேமரா உண்டு. ஆள் இருந்தால் சத்தம் போடும். அன்று அதன்மேல் சேறு அப்பியிருந்ததால் வாயே திறக்கவில்லை. அத்தான் வழக்கம்போல் கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேனை ஒட்டியே சைக்கிளில் ஒரு தையல்காரர்! அத்தான் பிரேக்கை மிதித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த கேமரா கவனம், கவனம் என்று கத்தித் தீர்த்தது.

சாயங்காலம் மேலாளர் அறையில் அத்தான் தலையைத் தொங்கப் போட்டு நின்றார். துணைக்குப் போன நான் நடந்ததைச் சொன்னேன்.

"மச்சினி சாட்சியெல்லாம் செல்லாதும்மா," என்றார் மேலாளர்.

அப்போதுதான் வேனில் எழுதியிருந்த ஆஸ்பத்திரிப் பெயரை வைத்து விசாரித்துக்கொண்டு அந்தத் தையல்காரர் கோபமாக உள்ளே வந்தார்.

"அம்மா, உங்க டிரைவர் ஆளை முழுங்கற மாதிரி முறைக்கிறாரு! நான்பாட்டுக்கு ஓரமா வர்றேன், கழுத்தைத் திருப்பி என்னையே பார்க்கிறாரு!"

"உங்களைத்தான் பார்த்தாரா?"

"பின்னே? நான் இறங்கித் தள்ளிப் போற வரைக்கும் கண்ணையும் எடுக்கலை, வண்டியையும் நகர்த்தலை!"

மேலாளர் வெளிக் கேமராவின் பதிவைப் போட்டார். வெறும் சேறு. பிறகு முந்தைய இரண்டு பதிவுகளை முதன்முறையாக ஓட்டிப் பார்த்தார். இரண்டிலும் அத்தானின் பல் வரிசை முழுசாகத் தெரிந்தது.

"இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டு யாரு தூங்குவா? மூணையும் நீக்கிடறேன். நாளைக்கு நீங்களே வேனை எடுங்க."

"அப்போ என் புகார் என்னாச்சு?" என்றார் தையல்காரர்.

அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். "பரவாயில்லை விடுங்க, இனிமே முறைக்காம இருந்தா சரி," என்று தையல்காரர்தான் அவரைத் தேற்றினார்.