உத்தரத்தில் கட்டிய தூளி

மேசைமேல், இழுத்தால் நீண்டு சுருங்கும் ஓர் இரும்புச் சுருள் கிடக்கிறது. ஒரு முழ நீளம் இருக்கும். இரண்டு முனையிலும் கொக்கி. தேங்காயெண்ணெய் தடவித் தடவிக் கறுத்துப்போயிருக்கிறது. வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறவள் நான். எந்தக் கம்பியைப் பார்த்தாலும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று யோசிப்பது பழக்கமாகிவிட்டது. இதற்கு அந்த யோசனை தேவையில்லை. இது ஒரு குழந்தையைத் தாங்கும். ஏழு வயதுப் பெண் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும். ஏறி உட்கார்ந்து திட்டு வாங்கியவள் நான்தான்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததற்கு, அடுத்த வருஷம் நாங்கள் தோட்டத்திலிருந்து மலாக்காவுக்கு வந்தோம். வேலை கிடைத்தது அம்மாவுக்கு. தோட்டத்து மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரை நகரத்து ஆஸ்பத்திரியில் உதவித் தாதியாக எடுத்துக்கொண்டார்கள். முதல் சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள்; ஒழுங்காக வராதவர்களை அனுப்பிவிடுவார்கள். அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு, என்னையும் கைக்குழந்தைத் தம்பியையும் கூட்டிக்கொண்டு அம்மாவோடு கிளம்பினார். சாமான்களை ஏற்றும்போது பெரியப்பா எல்லாரும் கேட்கும்படி, "ஏன்டா, பொண்டாட்டிக்குச் சம்பளம், ஒனக்குப் புட்டிப்பாலா?" என்றார். "ஆமாண்ணே, சுடுதண்ணி நல்லாப் போடுவேன்" என்று அப்பா கயிற்றை இறுக்கிக் கட்டினார். சிரித்தவர்களில் அம்மா மட்டும் இல்லை.

காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்னறை எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரம்மா மலாக்காச் செட்டி; பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி வந்தவர். கெபாயா மேற்சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தியிருப்பார், நெற்றியில் திருநீறு இருக்கும், பேசுவது மலாய். கோயிலில் எங்களுக்கு முன்னால் நின்று கும்பிடுகிற ஒருவருக்குத் தமிழ் வராது என்பதை நம்ப எனக்குச் சில நாள் பிடித்தது. மலாய்ப் பிள்ளைகள் வயதில் மூத்த பெண்களை அழைப்பதுபோல் நாங்களும் அவரை மக்சிக் என்றே அழைத்தோம்.

வந்த நாளிலிருந்து தம்பி தூங்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் உத்தரத்தில் தொங்கும் தூளியிலேயே வளர்ந்த குழந்தை. பாயில் போட்டால் வில்லாக வளைந்து கத்துவான். அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றித் தோளில் போட்டு நடந்தார்கள். அம்மா சிவந்த கண்ணோடு வேலைக்குப் போனார். ஒருநாள் வார்டில் நின்றபடியே கண் அசந்துவிட, பெரிய தாதி கூப்பிட்டு எச்சரித்தாராம். அப்பாவுக்கு ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு மளிகைக் கடையில் லாரி ஓட்ட வரச் சொல்லியிருந்தார்கள். தம்பியை யாரிடம் விட்டுப் போவது? ஒருவர் சம்பளம் வாடகைக்கும் பால்மாவுக்கும் காணாது. இப்படியே போனால் பெரியப்பா முகத்தில்தான் போய் விழிக்கவேண்டும் என்பது எனக்குக்கூடப் புரிந்திருந்தது.

அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அப்பா அறையின் நடு உத்தரத்தில் கயிற்றை வீசி, அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டினார். தம்பி நாலு ஆட்டலில் தூங்கிப்போனான். வீடே திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது. அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். அப்போதுதான் மக்சிக் ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்தார். உத்தரத்தைப் பார்த்தார். "ஜாங்கான்" என்றார். கூடாது என்று அர்த்தம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த அறையில்தான் அவர் கணவர் இறந்திருக்கிறார். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் இறந்துபோன பெரியவர்களுக்கு அந்த உத்தரத்துக்குக் கீழேதான் இலை போட்டுப் படைப்பார்களாம். அதற்கு மேலே எதையும் தொங்கவிடுவதில்லை. அவர் மலாயில் சொல்லச் சொல்ல அப்பா முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அதே மலாயில் மன்னிப்புக் கேட்டார். தம்பி விழித்துக்கொண்டு வீறிட்டான். மக்சிக் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். சற்று நேரத்தில் வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

காலி பண்ணச் சொல்லுமுன் நாமே தயாராகிவிடலாம் என்று அப்பா நினைத்திருக்கவேண்டும். பானைகளைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். வெள்ளை உடுப்போடு வந்த அம்மா மூட்டைகளைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "வேலைய வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

"உடுப்ப மொதல்ல தொவைச்சுக் காயப்போடு. காலையில வேணும்ல" என்றார் அப்பா.

அதை அவர் எப்படிச் சொன்னார் என்பது இன்னும் காதில் இருக்கிறது. வீரமாக இல்லை, கோபமாக இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அப்பாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் எழுத இடம் உண்டு என்றால் இதைத்தான் எழுதுவேன்.

அம்மா உடுப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது முன்கூடத்திலிருந்து குரல் வந்தது: "பாவா சினி!" இங்கே கொண்டு வா. நாங்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு தயங்கித் தயங்கிப் போனோம். கூடத்து உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. அதில் இந்தச் சுருள். அதன் கீழே பூப்போட்ட சாரோங் ஒன்று தூளியாகத் தொங்கியது. மக்சிக்கின் பிள்ளைகள் தூங்கிய சுருள். தெங்கேராவில் இருந்த அவர் தங்கை இரவல் வாங்கிப் போயிருந்ததை, போய் எடுத்து வந்து எண்ணெய் போட்டிருக்கிறார். அவரே தம்பியை வாங்கி உள்ளே விட்டு, விரலால் இழுத்துவிட்டார். தூளி மேலும் கீழும் குதித்தது. பக்கவாட்டில் ஆடியே பழகியவன், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

பிறகு மக்சிக் அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டே எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "ஒனக்குக் கயிறு கட்டத் தெரியுது, வாயைத் திறந்து கேக்கத் தெரியலையான்னு கேக்கறாங்க." அம்மாவின் பக்கம் திரும்பி, "பெர்கி கெர்ஜா" என்றார் மக்சிக். வேலைக்குப் போ. அதை யாரும் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை.

அம்மா போனார். நிரந்தரமானார். அப்பா மளிகைக் கடை லாரியை ஓட்டினார். தம்பி பகலெல்லாம் மக்சிக் பார்த்துக்கொள்ள முன்கூடத்தில் வளர்ந்து, தமிழுக்கு முன்னால் மலாய் பேசினான். அந்தப் பொங்கலுக்கு முன்னால் யாரும் சொல்லாமலே அம்மா எங்கள் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவைத்து, அறையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். மக்சிக் இலை போட்டார். நாங்கள் வாசற்படிக்கு வெளியே நின்று, முகம் தெரியாத அந்த மனிதரைக் கும்பிட்டோம்.

கிளேபாங்கில் நாங்கள் சொந்த வீடு கட்டிப் போனபோது மக்சிக் சுருளைத் துணியில் சுற்றி அம்மா கையில் கொடுத்தார். இப்போது அவர் இல்லை. அவருக்கும் அந்த உத்தரத்துக்குக் கீழேதான் இலை போடுகிறார்கள். அம்மா இன்னும் வருஷம் தவறாமல் போய்த் தரை துடைத்துவிட்டு வருகிறார்.

எனக்குக் குவாந்தானுக்கு மாற்றல் வந்திருக்கிறது. கணவர் தம் வேலையை விட்டுவிட்டு என்னோடு வருகிறார். அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்கிறார். மகளுக்கு ஐந்து மாதம். எடுத்துப்போகவேண்டியவற்றை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா கிளேபாங்கிலிருந்து பஸ் ஏறி வந்து, சுருளை மேசைமேல் வைத்தார்.

"இது எழுதியிருக்கியா?"

"இல்லப்பா."

"எழுதிக்க. அங்க நல்ல உத்தரமாப் பார்த்து மாட்டு." வாசல்வரை போனவர் திரும்பி நின்று சிரித்தார். "மாட்டறதுக்கு முன்னால வீட்டுக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கம்மா."

பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, பால்மாவு என்று கீழே நீண்டுகொண்டே போன வரிசையில் சுருளைச் சேர்த்தேன். பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே காலியாக இருந்த இடத்தில், போனதும் செய்யவேண்டிய முதல் வேலையை எழுதினேன்: கேட்பது.