மைனஸ் பதினெட்டிலும் சிக்கு வாடை

புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிறுதான் ராஜபாளையத்து மீன்கடைக்காரனுக்குத் தீபாவளி. எங்கள் கடைக்கு அது முதல் புரட்டாசி. மாதம் முழுக்க ஈ ஓட்டினோம். அந்த ஞாயிறு வருகிறவர்கள் மறுபடியும் வந்தால்தான் கடை நிலைக்கும்.

முதலாளி சாமுவேல் அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி கம்பெனியில் ஃப்ரீசிங் பிரிவில் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பி, அவர் கடையில் சேர்ந்தவன். புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக் குன்றுக்குப் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தேன். அன்று பார்த்து மத்தி கொள்ளை மலிவாக வந்திருக்கிறது. அண்ணாச்சி விடுவாரா? கூடை கூடையாக வாங்கி, வீட்டில் செய்வதுபோல உப்பைப் பிசறி, திறந்த ட்ரேயில் அடுக்கி ஃப்ரீசரின் அடியில் வைத்துவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை. ஞாயிறன்று அசத்த வேண்டுமாம்.

ஞாயிறு காலையில் ட்ரேயை வெளியே எடுத்தார். மீனின் வயிற்றுப்பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. கெட்டுப்போச்சு அண்ணாச்சி என்றேன்.

"ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டுக்கு மேல இம்மியும் ஏறல வேலு. பொறவு எப்படிக் கெடும்?"

கிருமி குளிரில் அடங்கிவிடும், கொழுப்பு அடங்காது என்றேன். காற்றுப் பட்டால் ஃப்ரீசருக்குள்ளேயும் அது மெல்லச் சிக்கடிக்கும், உப்பு அதை இன்னும் முடுக்கிவிடும், மத்தியோ கொழுப்பு மிகுந்த மீன். அவர் நம்பவில்லை. இரண்டைப் பொரித்தோம். ஒரு மாதமாக நாக்கைக் கட்டி வைத்திருந்தவன் நான். முதல் வாயே பழைய பஜ்ஜி எண்ணெய். அண்ணாச்சியும் ஒரு விள்ளல் போட்டுப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

நல்லவேளையாக, நான் க்ளேசிங் செய்த சங்கரா நிறைய இருந்தது. உறைந்த மீனை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தால் மேலே பனித்தோல் பிடித்துக்கொள்ளும், காற்று அண்டாது.

கடையைத் திறந்தால் வரிசை தெருவரை நின்றது. முதலில் நின்ற தளவாய்புரத்து அம்மா மத்தி கேட்டார். இல்லை என்று சொல்லி முடித்துவிடச் சொல்லி அண்ணாச்சிக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து நின்று வரிசை முழுக்கக் காதில் விழும்படி சொன்னார்:

"மத்தி இருக்கும்மா. நான்தான் உப்பைப் போட்டுக் கெடுத்துப்புட்டேன். ஒருத்தருக்கும் தர மாட்டேன்."

கடை தொலைந்தது என்றே நினைத்தேன். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரே இப்படிச் சொல்லுதாருன்னா சங்கரா நல்லாத்தான் இருக்கும். ரெண்டு கிலோ போடுங்கய்யா."

மதியத்துக்குள் ஃப்ரீசர் காலி. அவ்வளவு சந்தோஷமாக நான் கம்பெனியில் ஒருநாளும் கை கழுவியதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, மத்தியைப் பனித்தோல் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, சீக்கிரம் விற்றுவிடுங்கள். உப்பு போடுகிற வேலையை, வாங்கிப்போகிறவர் வீட்டுக் குழம்புக்கு விட்டுவிடுங்கள்.