பாங்காக் பெண்ணுக்குத் தனி இலை

பொறாமை என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் மாமா பெண். பாங்காக்கில் கணக்கு வேலை பார்த்த மாமா, மாமி அங்கே காலமான பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். வந்த அன்றே அவள் ஆரம்பித்துவிட்டாள். அந்த ஊரில் தெருவெல்லாம் கால்வாயாம். படகில் ஏறி ஊரையே சுற்றி வருவார்களாம். பூவும் இளநீரும் படகிலேயே வாசலுக்கு வருமாம்.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரிலிருந்தும் கொல்லத்துக்கு ஜனங்கள் கால்வாய் வழியே வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு தரமாவது என்னை ஏற்றச் சொல்லி அப்பாவிடம் கேட்டு அலுத்திருந்தேன். போகட்டும், பாங்காக்கைத்தான் அவளுக்குக் கொடுத்தாயிற்று. எங்கள் வீட்டையுமா கொடுக்க வேண்டும்?

நாங்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட, அவளுக்கும் மாமாவுக்கும் வாசலை ஒட்டிய இரேழியில் தனி இலை. தனிச் செம்பு, தனிப் பாய். அம்மா குனியாமல், கரண்டி இலையில் படாமல், உயரத்திலிருந்து பரிமாறினாள். மாமா பெண் கிணற்றடிப் பக்கம் நகர்ந்தால் போதும், "நீ இருடி கொழந்தே, நான் மொண்டு தரேன்" என்று அம்மா ஓடுவாள். எனக்காக ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. கேட்டதற்கு, கடல் தாண்டி வந்தவர்கள், பிராயச்சித்தம் ஆகிற வரைக்கும் அப்படித்தான் என்றாள். பிராயச்சித்தத்தை நான் பட்டாபிஷேகம் மாதிரி ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் என் இலையைத் தூக்கிக்கொண்டு போய் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டினாள். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அம்மாவின் கண்ணும் ஈரமாக இருந்தது. தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் இரேழி வாசற்படியில் நின்று, எல்லாம் உனக்குத்தான் என்று அவளிடம் அழுதேன். அவள் தன் பாயில் இடம் விட்டு நகர்ந்தாள்.

"வேணும்னா நீ இங்க உக்காந்துக்கோ. நான் படகுல போகவே இல்லைன்னு சொல்லிடறேன். அப்போ அத்தை எனக்குத் தலை பின்னி விடுவாளா?"

நான் ஏமாறத் தயாராக இல்லை. அவ்வளவு பெரிய ஊரை, அத்தனை படகோடு சேர்த்து, ஒரு தலைப் பின்னலுக்கு யாராவது கொடுப்பார்களா? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று எண்ணி, மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அம்மாவின் முன்னால் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.