ஒன்பதாம் மாடியின் காலிக் கட்டம்

ஃபேரர் பார்க் பக்கத்துப் பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றில், ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு நொடிகூட ஆகாமல் தரைக்கு வந்து சேரும் மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் யாக்கூப். பக்கவாதம் வந்து ஐந்து வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவருடைய வேகத்துக்கு ஆதாரமெல்லாம் பக்காவாக இருந்தது. மூன்று வருடத் தீப்பயிற்சி அறிக்கைகளிலும் அவர் பெயருக்கு நேரே, 'வெளியேற்றப்பட்டார், பூஜ்ய நிமிடம்' என்று அழகாக அச்சடித்திருந்தார்கள்.

அந்த அதிசயத்தின் ரகசியம் பரோட்டா.

பயிற்சி ஒன்பது மணிக்கு என்றால், குடியிருப்பு அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர் ரஞ்சன் எட்டரைக்கே மேலே வந்துவிடுவார். யாக்கூபை மின்தூக்கியில் கீழே இறக்கி, முனைக் காப்பிக்கடையில் நிறுத்தி, இரண்டு முட்டைப் பரோட்டாவும் தே தாரேக் என்கிற நுரைத் தேநீரும் வாங்கிக் கொடுப்பார். அபாயமணி அடிக்கும்போது யாக்கூப் மீன்குழம்பில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருப்பார். நடக்க முடியாதவரால் பயிற்சியின் நேரம் கெட்டுப்போகக் கூடாதல்லவா? அதனால் ஆபத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியவரை, ஆபத்து வருவதற்கு அரை மணி நேரம் முன்பே காப்பாற்றிவிடுவார்கள். நெருப்பும் இப்படி நேரம் சொல்லிவிட்டுத்தான் வரும் என்று அலுவலகத்தில் யாரோ எழுதி வாங்கி வைத்திருந்தார்கள் போலும்.

யாக்கூபின் மனைவி ஹலீமாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கடையநல்லூர்க் குடும்பம், பிறந்தது இங்கேதான். தொடக்கநிலை ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு அச்சகத்தில் தாள் மடித்தாள், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் தட்டுக் கழுவினாள், ஒரே மகள் இன்ஷாவைக் கட்டிக்கொடுத்துப் பாசிர் ரிஸ்ஸுக்கு அனுப்பினாள். பன்னிரண்டு வருடமாக இதே புளோக்கின் படிகளைத் துடைக்கிறாள். எந்தப் படியின் ஓரம் உடைந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் யார் சைக்கிளைச் சாத்தி வைப்பார் என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். ஐந்து வேளைத் தொழுகை தவறியதில்லை. யாரிடமும் குரல் உயர்த்தியதும் இல்லை.

குரல் உயர்த்தாதவள் என்பதால்தானோ என்னவோ, அவளுக்கு ஒரு மஞ்சள் சட்டையைக் கொடுத்துப் 'பாதுகாப்புத் துணைவர்' ஆக்கினார்கள். மாதம் ஒருமுறை ஓர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. 'படியிறங்கு நாற்காலி தயார் நிலையில் உள்ளது' என்று அந்த அட்டை சொல்லும். நடக்க முடியாதவர்களை உட்காரவைத்துப் படி வழியே சறுக்கி இறக்குகிற மடக்கு நாற்காலி அது. வாங்கிய அன்று அதோடு பதினோரு பேர் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கீழ்த்தளத்துச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஹலீமா அதைத் தொட்டதே இல்லை. ரஞ்சன் போடச் சொன்னார், போட்டாள். மூன்று வருடத்தில் முப்பத்தாறு கையெழுத்து.

இந்த வருடம் நோன்புக்கு இரண்டு வாரம் முன்பு ஆறாம் மாடியில் ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. மின்தூக்கிகள் நின்றுவிட்டன. ஹலீமா இரண்டாம் மாடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் புகைக்குள் ஏறி ஓடினாள். யாக்கூப் நனைத்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன் புள்ள மேல வந்தே? ஒருத்தராவது கீழ இருந்திருக்கலாம்ல?" என்றார் இருமிக்கொண்டே.

தீ அணைகிற வரை இருபது நிமிடம் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கலிமா ஓதினார்கள். ஒருவரும் வரவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான், ஆனால் அறிக்கையில் அவனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அன்று அவள் தன் முப்பத்தாறு கையெழுத்தையும் நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் பொய்ச்சாட்சி. அந்த நாற்காலி ஒன்பதாம் மாடிக்கு வந்தாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

ரஞ்சனிடம் கேட்டாள். "பயிற்சி முடியட்டும் அக்கா, பாக்கலாம்" என்றார். இந்த முறை வெளியிலிருந்து தணிக்கைக் குழு வருகிறதாம். ஆபத்துக்கு அரசாங்கம் எவ்வளவு தயார் என்று அளந்து பார்க்கப் போகிறார்களாம். அதற்காகக் கைப்பிடிகளுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கைவிளக்கும் பிஸ்கட்டும் போட்ட பைகள் இருநூறு வந்து இறங்கின. நாற்காலி மட்டும் வரவில்லை.

பயிற்சி நாளன்று எட்டரைக்கு ரஞ்சன் வழக்கம்போல வந்து நின்றார்.

"பாய், கிளம்புங்க. பரோட்டா சூடா இருக்கு லா."

யாக்கூப் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இன்னிக்கு நோன்பு எத்தனைன்னு தெரியுமா?"

"நோன்பா?"

"ஒன்பதாவது. பட்டப்பகல்ல, பள்ளிவாசல் ஆளுங்க போற வர்ற வழியில, என்னை உட்கார்ந்து பரோட்டா திங்கச் சொல்றீங்களா?"

தேதி குறிக்க மூன்று கூட்டம் போட்டிருந்தார்கள். மழை வருமா என்று பார்த்தார்கள், பள்ளி விடுமுறை பார்த்தார்கள். சுவரில் தொங்குகிற நாள்காட்டியில் பச்சையாகப் போட்டிருந்த ரமலானை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"சாப்பிட வேணாம் பாய், சும்மா உட்காருங்க."

"சும்மா உட்கார எனக்கு இங்கேயே நாற்காலி இருக்கு."

ரஞ்சன் ஹலீமாவைப் பார்த்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"நோன்பு நேரத்துல என்னை ஏன்பா பொய்க்குக் கூப்பிடுறீங்க?" என்றாள் அவள், கெஞ்சுகிற குரலில்.

மணி அடித்தது. புதுச் சாயத்தைப் பிடித்தவர்கள் கையெல்லாம் நீலமாக இறங்கி வந்து, பைக்கு வரிசையில் நின்றார்கள். தணிக்கையாளர் கவிப்ரியா கையில் கடிகாரத்தோடு நிழலில் நின்றாள். இளம்பெண், கூர்மையான பார்வை. எல்லாரும் இறங்கி முடிக்க ஆறு நிமிடம் நாற்பது நொடி. ரஞ்சன் ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கத் தொடங்கினார். வராதவர்களுக்குப் பதில் சொல்வது தொண்டூழியர் ரத்னவேலின் பொறுப்பு. பணி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், நல்ல மனிதர், கேட்காமல் தலையாட்டுகிறவர்.

"யாக்கூப்?" என்று பழக்கத்தில் வாசித்துவிட்டார் ரஞ்சன்.

"வந்தாச்சு!" என்றார் ரத்னவேல், அதே பழக்கத்தில்.

ஒன்பதாம் மாடித் தாழ்வாரச் சுவருக்கு மேலே ஒரு வெள்ளைத் துண்டு ஆடியது. "இன்னும் வரலப்பா! என்னை விட்டுட்டீங்க!"

கூட்டம் சிரித்தது. கவிப்ரியா சிரிக்கவில்லை. "யார் அது?"

ரஞ்சன் வாயைத் திறப்பதற்குள், மஞ்சள் சட்டையோடு கீழே நின்றிருந்த ஹலீமா முன்னால் வந்தாள். "என் வீட்டுக்காரர்மா. நடக்க முடியாது. மூணு வருஷமா அவரை முன்னாடியே காப்பிக்கடைக்குக் கொண்டுபோயிடுவாங்க. நாற்காலி இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் அதைப் பாத்ததே இல்ல. தப்பு என்னுதுதான்."

"அந்த நாற்காலியைக் கொண்டு வாங்க" என்றாள் கவிப்ரியா. கடிகாரத்தை நிறுத்தவில்லை.

சாமான் அறைச் சாவி குத்தகைக்காரரிடம் இருந்தது. குத்தகைக்காரர் தீவின் மறுகோடியில், பூன் லேயில் இருந்தார். அவர் வந்து திறந்தபோது நாற்காலி வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. மடக்கிய நாற்காலியை விரிக்க நான்கு பேர் நான்கு பக்கம் இழுத்தார்கள். விரித்து முடித்தபோது கடிகாரத்தில் ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. இதற்குள் உண்மையான தீ தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும்.

கவிப்ரியா நடந்ததை நடந்தபடி எழுதினாள், நாற்காலியை ஒன்பதாம் மாடியில் வைக்கச் சொன்னாள். அலுவலகம் கொடுத்த விளக்கம்தான் பார்க்க வேண்டியது: 'ஒரு குடியிருப்பாளர் சமயக் கடமை காரணமாகத் தாமதம்.' நெருப்புக்குப் பயந்து மனிதன் ஓட முடியாமல் போனதற்கு நோன்பு காரணமாம்!

சொன்னபடியே நாற்காலி மேலே வந்தது. திருடு போய்விடக் கூடாதென்று சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். சாவி பூன் லேக்குப் போனது.

ஹலீமா சண்டை போடவில்லை. மாதக் கடைசி வந்தது, அட்டையில் கையெழுத்துப் போடவில்லை. அவ்வளவுதான் செய்தாள்.

ரஞ்சன் ஓடி வந்தார். "அக்கா, கட்டம் காலியா இருக்கு!"

"ஆமாம்பா. நாற்காலியும் பூட்டியிருக்கு."

"பெருநாள் கழிஞ்சதும் மறுபடியும் தணிக்கை வர்றாங்க லா. காலிக் கட்டத்தைப் பாத்தா என் கதி என்ன ஆகும்?"

"சாவி எங்கேப்பா?"

"பூன் லேயில, பத்திரமா இருக்கு."

"சரிதான். பூன் லேயில தீப்பிடிச்சா எங்களுக்கு ரொம்ப வசதி."

ரஞ்சன் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்தார். முப்பத்தைந்தே நிமிடத்தில் சாவி டாக்சியில் வந்து இறங்கியது. ஆறாம் மாடியில் நெருப்பு எரிந்தபோது யாருக்கும் வராத பதற்றம், விரல் அகலக் காலிக் கட்டம் ஒன்றைப் பார்த்ததும் வந்துவிட்டது.

அப்போதும் அவள் கையெழுத்துப் போடவில்லை. "முதல்ல இறக்கிப் பாக்கணும்" என்றாள்.

முதலில் இரண்டு அரிசி மூட்டைகளைக் கட்டி, ரத்னவேல் முன்னால் பிடிக்க, அவள் பின்னால் பிடிக்க, ஒன்பது மாடி இறக்கினார்கள். ஏழாம் மாடித் திருப்பத்தில் சைக்கிள் தடுத்தது. அதை எடுக்கச் சொல்லி அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். மறுநாளும் மூட்டை. பெருநாள் கழிந்த சனிக்கிழமை காலை யாக்கூப் ஏறி உட்கார்ந்தார்.

"ரெண்டு மூட்டையை விட நான் கனம் புள்ள, பாத்துப் பிடி."

"பேசாம வாங்க. பிஸ்மில்லாஹ்."

ஓரம் உடைந்த படிகளையெல்லாம் அவள் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். கீழே வந்தபோது ரத்னவேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினாலு நிமிஷம்மா. முன்னாடி அறிக்கையிலெல்லாம் பூஜ்யம்னுதானே இருக்கு? என்ன போட?"

ஹலீமா அட்டையை வாங்கிக் கட்டத்துக்குள் 'பதினான்கு' என்று எழுத்தில் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். முனைக் காப்பிக்கடையில் யாக்கூப் அதற்குள் இரண்டு முட்டைப் பரோட்டாவுக்குச் சொல்லியிருந்தார்.