ஒரு நாளைக்கு ஒரு நகம்

கந்தோரில் என்னோடு வேலை செய்த ஒருத்தி கனடாவுக்குப் போகும்போது தன் மகளின் முயலை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். எனக்குச் சொந்த ஊர் கொடிகாமம். வேலைக்காகக் குருநகரில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் தனியாக வாடகைக்கு இருந்தேன். தனியாக இருக்கிறவளுக்கு ஒரு துணை என்று சொல்லித்தான் தந்தாள். ஆனால் அந்த முயல் யாருக்கும் துணையிருக்கும் நிலையில் இல்லை. பாத்திரம் விழுந்தால் கட்டிலுக்குக் கீழே ஓடும். தேவாலய மணி அடித்தால் ஓடும். நான் தும்மினாலும் ஓடும். கையிலிருந்து இலை வாங்கித் தின்னும், தூக்க மட்டும் விடாது.

சீமெந்துத் தரையில் மண் கிண்ட வழியில்லாததால் அதன் நகங்கள் நீண்டு வளைந்துவிட்டன. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, கீழே விரித்திருந்த சாக்கில் முன்கால் நகமொன்று மாட்டிப் பிய்ந்து கிடந்தது. முயல் மூலையில் அந்தக் காலைத் தூக்கியபடி இருந்தது. வெட்டத்தான் வேண்டும் என்று அன்றைக்கே துவாயால் சுற்றி மடியில் வைத்தேன். நகவெட்டியை எடுக்கவும் உதைத்துக்கொண்டு பாய்ந்தது. என் கையில் முழங்கைவரை கீறல்.

அதே வளவுக்குள் முன்வீட்டில் ஓர் அக்கா இருந்தா. ஐம்பது வயதிருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர். அக்கா கரையில் நண்டு வாங்கும் வாடிக் கொட்டிலொன்றில் உயிர் நண்டுகளுக்குக் கால் கட்டுகிற வேலை செய்தா. கடிக்க வருகிற பெரிய கால்களை மடக்கி, கயிற்றைச் சுற்றி இறுக்க அவவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இவவை விட்டால் வேறு யார் என்று போய்க் கேட்டேன்.

"உந்த முயலைப் பிடிக்கிறதுக்கோ? கொண்டு வாரும் பிள்ளை, நண்டையே பிடிக்கிறன்" என்று சிரித்தா. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவிக்கொண்டு வந்தா. நான் துவாயோடு முயலைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்தா. நான் முதல் நகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "இந்தாரும், பிடியும்" என்று திருப்பித் தந்துவிட்டா. முகம் வெளிறியிருந்தது.

"என்னக்கா, கடிச்சதோ?"

"இல்லை. அதின்ரை நெஞ்சு அடிக்கிறது என்ரை கைக்குள்ளை கேக்குது. நண்டு பயந்தால் கடிக்கும், பிள்ளை. இது பயந்தால் செத்துப்போயிடும் போலை கிடக்கு. எனக்கு ஏலாது."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவ சொன்னது சரி என்றும் தெரிந்தது.

அடுத்த நாள் லீவு போட்டு, முயலை அட்டைப் பெட்டியில் வைத்து ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். இளவயதுப் பெண். நகத்துக்குக் கீழே வெளிச்சம் பிடித்து, உள்ளே ஓடும் ரத்தக் கோட்டைக் காட்டினா. அந்தக் கோட்டைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டவேண்டும். இரண்டு நகம் வெட்டியதும் முயலின் வயிறு ஏறி இறங்கிய வேகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டா.

"இண்டைக்கு இது காணும். எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டவேணுமெண்டு இல்லை. வீட்டிலை வைச்சு ஒரு நாளைக்கு ஒண்டு வெட்டுங்கோ. தூக்காதேங்கோ, மல்லாத்தாதேங்கோ. நிலத்திலை இருந்து தின்னேக்கை வெட்டுங்கோ. ரத்தம் வந்தால் கோதுமை மாவை வைச்சு அமத்துங்கோ."

பெட்டியோடு திரும்பி வந்தபோது அக்கா வாசல் படலையில் நின்றா. வேலையால் வந்த உடுப்புக்கூட மாற்றவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, அது மூக்கை அசைப்பதைக் கண்ட பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டா. நான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பிடிக்கமாட்டன். லைற் அடிச்சுத் தாறன்" என்றா.

அப்படித்தான் தொடங்கியது. பின்னேரத்தில் நான் தரையில் உட்காருவேன். அக்கா ஒரு கையில் கைபேசி வெளிச்சத்தையும் மறு கையில் கரட் இலையையும் வைத்துக்கொள்ளுவா. முயல் தின்னும்போது நான் ஒரு நகத்தை வெட்டுவேன். பிறகு இருவரும் தேத்தண்ணி குடிப்போம். அதுவரை அந்த வளவில் இருவரும் பார்த்தால் சிரிப்பதோடு சரி.

ஆறாவது நாள் பிழை நடந்துவிட்டது. பின்கால் நகமொன்று கறுப்பு. வெளிச்சம் ஊடுருவவில்லை. அக்கா, "நாளைக்குப் பாப்பமே" என்றா. நான் கேட்காமல் ஒரு மட்டில், குத்துமதிப்பாக வெட்டினேன். ரத்தம் வந்தது. முயல் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். காலை மட்டும் இழுத்துக்கொண்டது. நான் அவசரமாக எடுக்கப்போய் மா டப்பா கவிழ்ந்தது. அக்காதான் கைபேசியைப் போட்டுவிட்டு, கொட்டிய மாவை விரலால் அள்ளி அந்த நகத்தில் வைத்து அமத்தினா. மறு கையை முயலின் முதுகில் வைத்தா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "ஒண்டுமில்லையடி, ஒண்டுமில்லை" என்று முயலுக்கோ எனக்கோ சொல்லிக்கொண்டிருந்தா. ரத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"காத்து எழும்பின நாளிலை இவர் வரப் பிந்தினால் என்ரை நெஞ்சும் உப்பிடித்தான் அடிக்கும்" என்றா. "ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. சொன்னால் அவர் கடலுக்குப் போக யோசிப்பார்."

நான் தரையில் கிடந்த மாவைக் கூட்டினேன்.

அதன் பிறகு இரண்டு நாள் முயல் கட்டிலுக்குக் கீழேயே இருந்தது. நாங்கள் நகவெட்டியை எடுக்கவில்லை. ஆனாலும் அக்கா அதே நேரத்துக்கு வந்தா. தரையில் இலையை வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அது மெதுவாக வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய், அக்காவின் சீலைக் கரையில் முகத்தை வைத்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தா.

அவ முயலைப் பிடிக்க, மீதி நகங்களை நான் வெட்டினேன். கறுப்பு நகங்களின் நுனியை மட்டும், அரிசிமணி அளவுக்கு. முயல் இப்போதும் பயந்ததுதான். மணி அடித்தால் ஓடத்தான் செய்கிறது. நகமும் மாதமொன்று போனால் வளர்ந்துவிடும், திரும்பவும் தொடங்குவோம்.

போன முறை வெட்டவேண்டிய நேரத்தில் நான் காய்ச்சலோடு ஊரில் படுத்திருந்தேன். முயல் அக்கா வீட்டில் இருந்தது. ஐந்தாம் நாள் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தா.

"நாலு வெட்டிப்போட்டன். இவர்தான் லைற் அடிச்சவர். கை நடுங்குது மனுசனுக்கு, கடலுக்குப் போறவராம். நீர் அவசரப்படாமல் சுகமாகி வாரும்."