அறுந்ததா, அறுத்ததா?

“…அதெல்லாம் இருக்கட்டும்ணா. நங்கூரம் கீது. கயிறு எங்க?”

கேட்டது மகேஸ்வரி. எங்கள் திருப்பாலைவனத் தெருவுக்குக் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கும் மீன்கார மகேசு. ஏழெட்டு வருஷமாக எங்கள் வீட்டுக் குழம்பின் ருசி அவள் கையில்தான். கேட்ட இடம், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்ன சர்ச். பதில் சொல்ல வேண்டிய ஆள், நான்.

என்னிடம் பதில் இல்லை. ஆனால் உங்களுக்குத்தான் தெரியுமே… பதில் இல்லை என்பதற்காக நான் என்றைக்குப் பேசாமல் இருந்திருக்கிறேன்?

மகேசின் கணவன் ஏழுமலை, நண்டு வலையோடு சின்ன ஃபைபர் படகில் தனியாகப் போனவன். திடீரென்று காற்று கிளம்பியது. திரும்பவில்லை. குப்பத்துப் படகுகள் எல்லாம் தேடின. நாலாம் நாள், பக்கத்துக் குப்பத்தார் வலையில் அவன் நங்கூரம் மட்டும் ஏறி வந்தது. படகு வரவில்லை. அவனும் வரவில்லை. பதினைந்து நாள் பார்த்துவிட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி, மறுநாள் கருமாதி என்று முடிவு செய்துவிட்டார்கள். மகேசு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆறுதல் சொல்ல நான் போனபோது வீட்டில் அவள் இல்லை. “சர்ச்சுல குந்தினு கீது” என்றார்கள்.

மகேசு கும்பிடுவது கங்கையம்மனை. ஆனால் சர்ச்சில் யாரும் ‘அழுதுடும்மா’ என்று சொல்வதில்லை. ‘அழாதம்மா’ என்றும் சொல்வதில்லை. துக்க வீட்டுக்காரிக்கு அப்படி ஓர் இடம் வேறு எங்கே கிடைக்கும்?

அங்கே மூன்று வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். உபதேசியார் அந்தோணி, இளவயதில் கடலுக்குப் போனவர், அவள் மனசைக் கொஞ்சம் திருப்பலாம் என்று ஜன்னல் ஜன்னலாக விளக்கிக்கொண்டிருந்தார். முதல் ஜன்னலில் ஒரு கூழைக்கடாப் பறவை. தன் நெஞ்சைத் தானே கொத்தி, ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது.

“இது இன்னான்னா, ஏசுசாமி நமக்காக ரத்தம் சிந்துனாரு இல்ல… அதான்.”

“நம்ம கூழைக்கடாவா?” என்றாள் மகேசு. “வலையில கீற மீனைப் பூரா லவட்டிக்கினு போவும். ரத்தம் குடுக்குற மூஞ்சியா அது?”

உபதேசியார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மகேசு பழைய மகேசாகிவிட்டாள் என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தேன். நடு ஜன்னலில் அப்பமும் மீனும்; அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசி ஜன்னலில், நீலக் கண்ணாடியில் ஒற்றை நங்கூரம்.

“நங்கூரம்னா நம்பிக்கைம்மா. அந்தக் காலத்துக் கிறிஸ்தவங்க கல்லறையிலகூட இதைத்தான் செதுக்குவாங்க.”

எங்கோ படித்தது. கல்லறை என்ற சொல் வெளியே போன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

அப்போதுதான் அவள் கேட்டாள், கயிறு எங்கே என்று.

“படத்துக்கு எதுக்கும்மா கயிறு?” என்றேன்.

“கயிறு இல்லாத நங்கூரம் இன்னாத்துக்குண்ணா ஆவும்? அடியில கெடக்குற வெறும் இரும்பு…”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ஜன்னலை விட்டுவிட்டு உபதேசியார் பக்கம் திரும்பினாள்.

“எங்கூட்டுக்காரு நங்கூரம் வந்துச்சே… அதுல கயிறு இருந்துச்சா?”

“கொஞ்சூண்டு இருந்துச்சுன்னாங்க” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

“அந்துச்சா, அவரு அறுத்தாரா?”

எனக்கு விளங்கவில்லை. உபதேசியார்தான் தாழ்ந்த குரலில் சொன்னார். அலை இழுத்து அறுந்த கயிறு என்றால் நுனி பிரிந்து தலைமுடி மாதிரி நிற்கும்; படகு அந்த அலையிலேயே கவிழ்ந்திருக்கும். கத்தியால் அறுத்த கயிறு என்றால் நுனி மொட்டையாக இருக்கும். அறுத்திருந்தால், அந்தக் காற்றிலும் ஏழுமலைக்கு நிதானம் இருந்திருக்கிறது. நங்கூரம் போனால் போகட்டும் என்று படகைக் காற்றோடு விட்டிருக்கிறான். அப்படியானால் எங்கேயோ மிதந்துகொண்டு… ஏதாவது ஒரு கப்பல்காரன் கண்ணில் பட்டு…

அறுந்தது. அறுத்தது. நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தில் ஒரு ஆளின் உயிர்!

மகேசு எழுந்து நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். வீட்டு வாசலில் மறுநாளைக்குப் பந்தல் போட ஆள் வந்திருந்தார். ஏழுமலையின் தம்பி முருகன் சவுக்குக் கழிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

“முருகா, உங்கண்ணன் நங்கூரத்தை எடு.”

“இன்னாத்துக்கு அண்ணி இப்போ அது?”

“எடுடான்றேன்.”

முருகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நீயா கிளப்பிவிட்டது என்கிற பார்வை. நானேதான். ஆறுதல் சொல்லக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்… நமக்கு நங்கூரம் ஓர் உவமை. அவர்களுக்கு அது சாமான்.

அண்ணி கண்ணில் படக்கூடாது என்று வலைகளுக்கு அடியில் மறைத்து வைத்திருந்ததை முருகன் எடுத்து வந்து மணலில் வைத்தான். வளையத்தில் ஒரு சாண் கயிறு. நுனி பிரிந்து, பரட்டையாக நின்றது.

 

இப்போது உடைந்து அழுவாள் என்று நினைத்தேன். மகேசு மணலில் உட்கார்ந்தாள். பிரிந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சேர்த்து முறுக்கினாள். அதற்கு மேல் பிரியாதபடி நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினாள். நங்கூரத்தைத் தூக்கி முருகன் கையில் கொடுத்தாள்.

“நீ கடலுக்குப் போவசொல்ல எடுத்துனு போ. புதுக் கயிறு கட்டிக்கோ.”

பிறகு சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, பந்தல்காரரிடம் போய், முதல் கழியை எங்கே ஊன்றுவது என்று இடம் காட்டினாள்.