ஈர மணலில் நின்ற புதுக் கார்

"ரிசார்ட்டுல தங்க வக்கில்லாம மண்ணுல படுக்கிறான்" என்று எங்கள் ஊர் ஜங்லிகாட் மார்க்கெட்டில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேலி செய்தவர், பக்கத்து வீட்டு காண்டிராக்டர். அதை நான் மறக்கவே இல்லை.

போன பௌர்ணமியன்று வழக்கம்போல் ஜீப்பை மேட்டில் நிறுத்தி, கடற்கரையில் கூடாரம் அடித்திருந்தேன். தன் பிள்ளைகள் நச்சரித்தார்கள் என்று அவரும் வந்தார். கடல் உள்வாங்கியிருந்த ஈர மணலில் புதுக் காரை நிறுத்தினார். பௌர்ணமிக்குத் தண்ணீர் அதையும் தாண்டி ஏறும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

இருட்டும்போது சக்கரம் பாதி மூழ்கிவிட்டது. ஓடி வந்தார்.

"தம்பி, கயிறு இருக்கா? ஜல்தி இழுத்து விடுப்பா."

ஜீப்பில் கட்டி இழுத்துக் கொடுத்தேன்.

"அன்னைக்கு மார்க்கெட்டுல நான்..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எதுக்குண்ணே, விடுங்க."

அவரை மன்னிப்புக் கேட்க விட்டிருந்தால் அதோடு கணக்கு முடிந்திருக்கும். இப்போது மார்க்கெட்டில் என்னைக் கண்டாலே அவர்தான் முதலில் கை கூப்புகிறார். நான் நிதானமாகத்தான் பதில் வணக்கம் சொல்கிறேன்.